கணக்கில் வராத பச்சைத் துண்டு

மூன்று வருடங்களாகத் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு ஓட்டுத்தையல். குயில்ட் என்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "ஏனுங்க, கால்மிதியா தைக்கறீங்க?" என்று எதிர்வீட்டம்மா ஒருநாள் கேட்டார். நான்கு மாதம் உட்கார்ந்து தைத்ததைக் கால்மிதி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "ஆமாங்க, உங்க ஊட்டு வாசலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கற்றுக்கொண்டதெல்லாம் போனில்தான். கணவர் தவறிய பிறகு மதிய நேரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ வந்து விழுந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இறந்துபோன கணவனின் சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தாள். நம் ஊராக இருந்தால் அந்தச் சட்டைகள் காரியம் முடிவதற்குள் வீட்டைவிட்டுப் போயிருக்கும். அவள் அழுதுகொண்டே தைத்தாள். ஆனால் தையல் ஒரு நூல்கூட விலகவில்லை. அழுகையைப் பார்த்து அல்ல, அந்தத் தையலைப் பார்த்துத்தான் நான் இதில் இறங்கினேன்.

இந்த ஆடியில் கையில் மூன்று வேலைகள் இருந்தன. ஒன்று, கருமத்தம்பட்டித் தறிக்காரர் ஒருவர் மூட்டையாகக் கொடுத்த காடாத்துணி ஓரங்கள். அவற்றைத் தேயிலைத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் ஊறவைத்துச் சாயமேற்றி, பெரிய கட்டிலுக்கு ஒரு போர்வை. இரண்டு வருடமாக நடக்கிறது, முடியும்போது முடியட்டும். இரண்டாவது, கிழிந்த பவானி ஜமக்காளத்தின் நல்ல பாகத்தை வெட்டி ஊஞ்சல் பலகைக்கு ஒரு மெத்தை. ஜமக்காளத்தை மெஷினில் தைக்கலாம் என்று நினைத்தது என் கொழுப்பு. நான்கு ஊசி ஒடிந்த பிறகு கோணி ஊசியை எடுத்தேன்.

சலிப்பதே இல்லை இந்த வேலை. இஸ்திரி போட்ட துண்டுகளை அடுக்கி வைத்துப் பார்ப்பதே ஒரு சுகம். தனித்தனியே பார்த்தால் சகிக்காத இரண்டு நிறங்கள், பக்கத்தில் வைத்ததும் கல்யாண மண்டபத்துச் சம்பந்திகள்போல் சிரித்துக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது நானும் தனியே சிரிப்பேன்.

மூன்றாவது வேலைதான் குழந்தைப் போர்வை.

எனக்கு ஒரே மகள். இரண்டு வருடம் முன்பு ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இந்தத் தடவை ஏழு மாதம் தாண்டிவிட்டது. அவிநாசிப் பக்கம் சம்பந்தி வீட்டில் ஆனி மாதம் வளைகாப்பு நடந்தது. நான் சமையல்கட்டில் நின்றுகொண்டேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. சம்பந்தியம்மா மரியாதைக்குக் குறைவில்லாதவர். வாசற்படி வரை வந்து, "ஏனுங்க சம்பந்தி, நீங்களும் வந்து ரெண்டு வளையல் போடுங்க" என்றார். "பாயசம் அடிப்புடிச்சுக்குமுங்க" என்றேன். அவர் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. பெற்ற மகளுக்கு ஒரு வளையல் போடாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு வலித்தது. ஆனால் போட்டு, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள்தான் நான், இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். இதில் மட்டும் படிப்பு உதவிக்கு வரவில்லை.

வளைகாப்பு முடிந்து மகளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் கையால் அவள் குழந்தைக்குப் போகப்போகும் பொருள் அந்தப் போர்வை ஒன்றுதான் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தமாட்டோம். புழங்கிப் பழகிய பருத்தியில்தான் கிடத்துவோம். அதுவும் யார் கட்டிய துணி என்று பார்ப்போம். நான் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். தாராபுரத்தில் என் சின்னத்தையும் மாமாவும் அறுபது வருடமாக ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள்; மாமாவின் வேட்டி ஒன்று, சின்னத்தையின் சேலை ஒன்று. சம்பந்தியம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்று. நாலு பிள்ளை பெற்ற எதிர்வீட்டம்மாவின் பழைய சேலை ஒன்று. கால்மிதி என்று சொன்னவர்தான், ஆனாலும் ராசிக்காரி. என் சேலை ஒன்றுகூட வைக்கவில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை.

எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டங்கள். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம். மாடி அறைச் சுவரில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, துண்டுகளை அதில் குண்டூசியால் குத்தி வைப்பேன். தள்ளி நின்று பார்ப்பேன், மாற்றுவேன், போனில் படம் எடுத்துக்கொள்வேன். படத்தில் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை முந்தின நாள் படத்தையும் சுவரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் ஒரு துண்டு மாறியிருந்தது. மாமாவின் வேட்டித் துண்டு இருந்த இடத்தில் வெளிர்பச்சை. அதில் காப்பி நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். அப்படி ஒரு துணி என்னிடம் கிடையாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் வீட்டு ஜன்னலைத் தட்டாத நாள் இல்லை. சுவரில் ஜமக்காளம் மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி இறங்கும். ஆனால் காற்று துணியைப் பறக்கடிக்குமே தவிர குண்டூசி குத்தாது. அந்தப் பச்சைத் துண்டில் இரண்டு ஊசிகள் குறுக்காகக் குத்தியிருந்தன. நான் அப்படித்தான் குத்துவேன்.

எடுத்து ஒட்டுத்துணி டப்பாவில் போட்டேன். தொட்டபோது மொடமொடவென்று இருந்தது. மற்ற துண்டுகளெல்லாம் துவைத்துத் துவைத்து வெண்ணெயாக இருக்க, இதில் மட்டும் கடைக் கஞ்சி. புதுத்துணி.

மறுநாள் ஏழாவது வரிசையில் ஒரு பச்சை. அதையும் எடுத்து டப்பாவில் போட்டேன்.

வேலைக்கு வரும் அம்மாவைக் கேட்டேன். "நானுங்களா? உங்க துணியத் தொட்டுப்போட்டு நான் இந்த ஊட்டுல வேலை செய்ய முடியுமுங்களா?" என்றவர், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றனுங்க. அந்த ரூமக் கூட்டறப்ப எனக்கு ஒருமாதிரி இருக்குதுங்க. பொறத்தாண்ட ஆரோ நின்னு பாக்கறாப்பல." கேட்காமலே இருந்திருக்கலாம்.

தாராபுரத்துக்குப் போன் செய்தேன். "பச்சையில எனக்கு எப்ப கண்ணு சீல இருந்துச்சு? உங்க மாமனுக்குப் பச்சையே ஆகாது" என்றார் சின்னத்தை. பின்னால் மாமா, "ஆரு சொன்னா?" என்று சண்டைக்கு வந்தது கேட்டது.

மகளைக் கேட்டேன். அவள் கட்டிலில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "நீங்களே வெச்சிருப்பீங்கம்மா. மறந்திருப்பீங்க" என்றாள்.

அதுதான் என்னை உள்ளே போட்டு அரித்தது. மறந்திருப்பேனா? ஐம்பத்தெட்டு வயதில் கேஸை அணைத்தோமா என்று மறக்கலாம். இல்லாத துணியை எங்கிருந்தோ கொண்டுவந்து, அளந்து, வெட்டி, குத்தி வைத்துவிட்டு மறக்க முடியுமா? பகலில் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதைச் செய்யக்கூடாது என்று நினைக்கிறேனோ அதை இந்தக் கை எனக்குத் தெரியாமல் செய்துவிடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. ஒரு மதியம் கூடத்தில் மாட்டியிருக்கும் கணவரின் போட்டோ முன்னால் நின்று கேட்டே விட்டேன். "ஏனுங்க, நீங்களா? வெளையாட வேற எடமே கெடைக்கலீங்களா?" உயிரோடு இருந்தபோதும் கேட்ட கேள்விக்கு அவர் உடனே பதில் சொன்னது கிடையாது.

சுவரில் விட்டு வைத்தால்தானே மாறும் என்று மேல்வரிசையிலிருந்து தைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிசையாகச் சுவரிலிருந்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அடுக்கிலிருந்து கை தானாக எடுக்கும், கால் தானாக மிதிக்கும். முதல் வரிசை அன்றே முடிந்தது. இரண்டாவது வரிசையை எடுத்து அடுக்கிவிட்டு, கீழே போய் மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் மாடிப்படி அருகில் நின்று வாங்கிக்கொண்டாள். மேலே வந்து தைத்தேன். தைத்து முடித்து விரித்துப் பார்த்தால், ஆறாவது கட்டத்தில் அந்தப் பச்சை. இரண்டு பக்கமும் என் தையல். நேரான, குற்றம் சொல்ல முடியாத தையல்.

மெஷினைவிட்டு எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினேன். எதிர்வீட்டம்மாவிடம்கூட அரைமணி நேரம் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாதாந்திர மின்தடை. எங்கள் பின்தெருவில் பவர்லூம் தறிகள் ஓடுகின்றன. விடிந்ததிலிருந்து அடைகிறவரை டடக் டடக் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்தச் சத்தம் எங்களுக்குக் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் காது கேட்கும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் தெருவே வாயை மூடிக்கொண்டது. நான் மாடியில் தையல் பிரிக்கும் ஊசியோடு அந்த இரண்டாவது வரிசையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். விளக்கு இல்லாததால் துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

வெளிச்சம் பச்சையாக வந்தது. காப்பி நிறப் பூக்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது.

எனக்குத் தெரியும் இந்தத் துணியை.

கணவன் இறந்துவிட்டால் பெண்ணுக்குக் கோடி போடுவார்கள். பிறந்த வீட்டார் முதலில், பிறகு மற்ற உறவுக்காரர்கள் வரிசையாக, புதுச்சேலையைக் கொண்டுவந்து அவள் தலைமேல் போர்த்துவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக. மூன்று வருடம் முன்பு என்னைக் கீழே கூடத்தில் உட்காரவைத்து ஏழு சேலைகள் போர்த்தினார்கள். முதலில் விழுந்தது என் அண்ணன் கொண்டுவந்த சேலை. அது தலையில் விழுந்ததும் வெளிச்சம் பச்சையானது. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு இன்னொன்று, இன்னொன்று. பச்சை இருண்டுகொண்டே வந்து ஒன்றுமே தெரியாமல் போனது. வெளியே அழுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. நான் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சேலையின் நல்ல பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலமே யாரோ ஏழு சேலைகளையும் மடித்து ஒரு சூட்கேசில் வைத்தார்கள். கட்டவும் மனமில்லை, யாருக்காவது கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள். சூட்கேஸ் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, நானும் அதை நினைப்பதில்லை.

கீழே ஓடினேன். சூட்கேசை இழுத்துத் திறந்தேன். மேலே ஆறு சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அடியில் பச்சை. அதன் முந்தானை ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நேராக வெட்டியிருந்தது.

யார் என்றுகூட யோசிக்கவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கிய துணிகளுக்கு நடுவில் கோடித்துணி. எந்தத் தீட்டுக்கு அஞ்சி நான் வளையல்கூடப் போடாமல் நின்றேனோ அதையே என் கையால் அந்தக் குழந்தையின் உடம்புக்கு அடியில் தைத்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. மேலே வந்து பிரிக்க ஆரம்பித்தேன். பிரித்த வேகத்தில் பக்கத்திலிருந்த சுங்குடித் துண்டும் கிழிந்தது.

"அதப் பிரிக்காதீங்கம்மா."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. இன்னொரு கையில் பச்சைத் துண்டு ஒன்று இருந்தது, கட்டங்களை அளந்து வெட்ட நான் வைத்திருக்கும் அட்டையின் அளவுக்கே வெட்டியது.

கோபம் தலைக்கேறியது. "நீயா? என்னையக் கிறுக்குப் புடிச்சவளாக்கிப் போட்டயே! நான் என்ற கையவே நம்பாம உக்காந்திருந்தேன். கேட்டப்ப மறந்திருப்பீங்கன்னு வாய் கூசாம சொன்னியே?"

"சொல்லியிருந்தா வெக்க உட்டிருப்பீங்களா?"

"இது என்ன துணின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்கம்மா."

அவள் மெதுவாக வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். தறிகள் நின்றுபோன அமைதியில் அவள் மூச்சு எனக்குத் தனியாகக் கேட்டது.

"போன தடவ எல்லாம் நல்லதாத்தான பாத்துப் பாத்துச் செஞ்சோம்? கோயில் மஞ்சக் கயிறு, நல்லாப் பொழைக்கறவங்க ஊட்டுப் பொடவ, நல்ல நேரம், நல்ல கிழம. என்ன ஆச்சு? ஒண்ணும் நிக்கலையே." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "உங்களுக்குக் கோடி போட்ட அன்னைக்கு நான் உங்க பக்கத்துலயேதான் நின்னேன். மேல மேல போட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்க மூஞ்சி தெரியல. நீங்க உள்ள மூச்சு உடறீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியல. அப்பாவும் போயிட்டாரு, அம்மாவும் உள்ளயே போயிருவாங்களோன்னு பயந்துபோயி, துணி மேல கைய வெச்சுப் பாத்தேன். சூடா இருந்துச்சு."

ஒரு கை தொட்டது எனக்கு நினைவில் இல்லை.

"அத்தனைக்கும் அடியில இருந்து நீங்க எந்திரிச்சு வந்தீங்க. வந்து எனக்குச் சோறு போட்டீங்க. எந்த நல்ல துணியும் எனக்கு வேண்டாமுங்கம்மா. நீங்க எதுக்குள்ள இருந்து உசுரோட வந்தீங்களோ அது வேணும். என்ற கொழந்தையும் அப்பிடி வந்துருமில்ல?"

பயப்படாதே கண்ணு, எல்லாம் நல்லபடியாகும் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் பயம் அழுது தீரவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டார், எதிர்வீட்டம்மாவும் சொல்லமாட்டார். நான் சொல்லிக்கொள்வேன், சாகிறவரைக்கும். அது நன்றாகத் தெரிந்தேதான் கேட்டேன்:

"எத்தன துண்டு வெட்டுன?"

"நாலு."

"எங்க வெக்கோணும்?"

"நடுவுல வெச்சுருங்கம்மா."

இரண்டாவது வரிசையிலிருந்ததைப் பிரித்தெடுத்து, டப்பாவில் இருந்த இரண்டையும் அவள் கையிலிருந்த ஒன்றையும் சேர்த்து, முதலில் வெந்நீரில் கஞ்சி போக அலசினேன். காய்ந்ததும் நட்டநடுவில் நான்கையும் வைத்து இணைத்தேன். நல்ல பக்கம் மேலே. அவ்வளவு அழகான பூ என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது ஆவணி. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. போர்வை முடிந்து ஆஸ்பத்திரிப் பையில் இருக்கிறது. மகள் நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் ஒருநாளைக்கு நாலு தரம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் விழித்துக்கொள்ளாமல் வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருக்கிறது. சில சமயம் உள்ளிருந்து ஒரு உதை விழும். சில சமயம் நெடுநேரம் ஒன்றுமே இருக்காது. அப்போதும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.